மனிதருக்கு அல்ல

ஆய்வகக் கதவின் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்த தவசி, தம்பியைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்தான். பல் பிடுங்கிய வாயிலிருந்து வழிந்த ரத்தத்தில் தம்பியின் சட்டை நனைந்திருந்தது. பிறந்ததிலிருந்தே அவனுக்கு ரத்தம் உறையாது. "ரத்தத்தை நிறுத்துற மருந்து இங்க இருக்காம்ல. எடு." தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா, ஃபிரீசரிலிருந்து விரல்நுனி அளவுக் குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இது மருந்து இல்லண்ணே. மனுஷ ஜீனை பாக்டீரியாவுக்குள்ள வச்சு வளர்த்த, ரத்தத்தை உறைய வைக்கிற புரோட்டீன். ஆராய்ச்சிக்கு மட்டுந்தான்." "லேபிள்ல ஹியூமன்னு போட்டிருக்கே." "மனுஷனோடதுதான். மனுஷனுக்குக் குடுக்கக் கூடாது." தவசி அவள் முடியைப் பற்றி முகத்தை மேசையில் மோதினான். குப்பியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான். உள்ளே எதுவும் தெரியவில்லை. "காலிக் குப்பியைக் காட்டி ஏமாத்துறியா?" உடைந்த கண்ணாடிச் சில்லால் அவள் முன்கையை நீளமாகக் கிழித்தான். ரத்தம் குபுகுபுவென்று மேசையில் பரவியது. குப்பியை அவள் விரல்களுக்குள் திணித்தான். "இப்ப நீ என்ன செய்யிறேன்னு பாக்கிறேன்." எனக்கும் இது வேண்டாம் என்று சொல்லத்தான் ஜெசிந்தா வாயெடுத்தாள். அதற்குள் அவள் கை, குப்பியைத் திறப்பதற்கு முன் தினமும் செய்கிற பழக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல் மூடியில் ஒட்டியிருக்கும் துகள் கீழே இறங்குவதற்காக, அதை மேசையில் இரண்டு முறை தட்டியது. காலிக் குப்பியை யாரும் இப்படித் தட்ட மாட்டார்கள் என்று தவசிக்குப் பட்டது; கண்ணாடிச் சில்லைக் கீழே போட்டுவிட்டு, குப்பியை அவள் கையிலிருந்து எடுத்தான். பிறகு தம்பியின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தான்.