ஒரே ஒரு சீட்

"விமானம் ஃபுல் சார். அடுத்தது நாளைக்குக் காலையிலதான்."

கவுன்ட்டர் பெண் மூன்றாவது தடவையாகச் சொன்னாள். பார்சல் ஆபீஸ் மேனேஜர் மூன்றாவது தடவையாக மேஜையைத் தட்டினார்.

"நாளை வரைக்கும் தாங்காதும்மா! உடம்பைக் குறைக்கிற ஆபரேஷனுக்குன்னு என் சம்சாரம் தனியா வெளிநாடு போனா. உள்ளே போட்ட தையல் கசியுதாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் வயித்தைத் திறக்கிறாங்க. அதுக்குள்ள நான் அங்கே நிக்கணும்!"

அவள் திரையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். இருபது நிமிஷம் ஆளையே காணோம். மேனேஜர் அதற்குள் இருபது தடவை கடிகாரம் பார்த்துவிட்டார்.

"ஒரே ஒரு சீட் கிடைச்சிருக்கு சார். ஓடுங்க."

"பாத்தீங்களா? சத்தம் போட்டாத்தான் வேலை நடக்குது" என்று ஒரு குத்து குத்திவிட்டு ஓடினார்.

ஜன்னலோர சீட். ஆனால் அதில் பாதி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள் அவ்வளவு பருமன். நடுவிலிருந்த கைப்பிடியை இறக்கவே முடியவில்லை.

"மன்னிச்சுக்குங்க சார்" என்று அந்த அம்மாள் தன்னால் முடிந்தவரை ஒதுங்கினாள். முடிந்தது அரை அங்குலம்.

மேனேஜர் 'ச்சு' கொட்டிவிட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். மனைவி கடைசியாக அனுப்பிய செய்தி கண்ணை விட்டு நகரவில்லை. 'உங்க முகத்தைப் பாத்துட்டுத்தான் உள்ளே போவேன்.'

அவளை யார் போகச் சொன்னது? இவர்தான். நேராகச் சொல்லவில்லை. "நீ ஏறினா காரே பெருமூச்சு விடுது" என்று நாலு பேர் நடுவில் சிரிப்பார். அவளும் கூடவே சிரிப்பாள். பத்து வருஷம் சிரித்தவள் திடீரென்று ஒருநாள் டிக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். லீவு இல்லை என்று தனியாக அனுப்பிவைத்த மகாராசனும் இவர்தான். அதை நினைக்க நினைக்க அவருக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது.

பணிப்பெண் தண்ணீரோடு வந்தாள். மாட்டிக்கொண்டாள்.

"ஏம்மா, இது என்ன நியாயம்? ரெண்டு பேர் இடத்தை ஒருத்தரே அடைச்சுக்கிட்டா பக்கத்துல இருக்கிறவன் எங்கே போறது? இதையெல்லாம் ஏத்தறதுக்கு முன்னாடியே கவனிக்க மாட்டீங்களா?"

பணிப்பெண்ணின் முகம் சிவந்தது. "சார், அவங்க வந்து..."

"விடும்மா" என்று அந்த அம்மாள் அவள் கையைத் தொட்டாள். "சார் ஏதோ கவலையில இருக்காரு. நான் கொஞ்ச நேரம் பின்னால போய் நிக்கிறேன். எனக்கும் கால் மரத்துப் போச்சு."

சீட்டு முதுகுகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனாள். 'சாப்பாடு வைக்கிற பக்கமாப் பாத்துத்தான் போகுது' என்று நினைத்துக்கொண்டே மேனேஜர் காலை நீட்டினார்.

விமானம் இறங்கப் போகிறது என்று அறிவித்த பிறகுதான் அவள் திரும்பி வந்தாள். முழுசாக இரண்டு மணி நேரம். முகமெல்லாம் வியர்வை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"யாரைப் பாக்கப் போறீங்க?" என்றார் மேனேஜர், சும்மா இருக்க முடியாமல்.

"யாரையும் இல்ல சார். ஆபரேஷனுக்குப் போறேன். இந்த உடம்பைக் குறைக்கத்தான்."

"ஐயையோ! அதுக்கா?" மேனேஜருக்கு வாய் நிற்கவில்லை. "என் சம்சாரம் அதைப் பண்ணிக்கிட்டுத்தான் இப்போ உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்கா. தையல் கசிஞ்சு போச்சு. நல்லா யோசிச்சுக்குங்க!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அந்த அம்மாள் சீட் பெல்ட்டை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தாள்.

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார். நீங்க போய் பக்கத்துல நில்லுங்க, அது போதும். எனக்குத்தான் அப்படி வந்து நிக்க யாரும் இல்ல."

மணி நாலேகால். சக்கரம் தரையைத் தொட்டதோ இல்லையோ, மேனேஜர் எழுந்துவிட்டார். அந்த அம்மாள் அவருக்கு முன்னால் எழுந்து, முன்வரிசைக்காரர்களிடம் குரல் கொடுத்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்க, இவர் வீட்டம்மாவுக்கு ஆபரேஷன்!"

கூட்டம் விலகியது. மேனேஜர் ஓட்டமும் நடையுமாகக் கதவருகே போனார். கதவு இன்னும் திறக்கவில்லை. அங்கே அதே பணிப்பெண், கையில் ஒரு படிவத்தோடு.

"சார், உங்க பக்கத்துல இருந்த அம்மா வர்றாங்களா?"

"அவங்க வர்றதுக்குள்ள விடிஞ்சிடும். என்னது அது, புகார் படிவமா? எனக்கும் ஒண்ணு குடுங்க. மூணு மணி நேரம் நான் பட்ட பாட்டை எழுதணும்."

"புகார் இல்ல சார். டிக்கெட் பணத்தைத் திருப்பி வாங்குற படிவம்."

"ஏன்? அவங்கதான் பயணம் பண்ணிட்டாங்களே?"

பணிப்பெண் ஒரு கணம் தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"யாருக்கும் இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு அவங்க தனக்கு ரெண்டு சீட் வாங்கியிருந்தாங்க சார். இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒருத்தங்களோட வீட்டுக்காரர் சீட் கிடைக்காம தவிக்கிறார்னு சொன்னோம். ஒரு வார்த்தை பேசாம ஜன்னலோரத்துல இருந்து எழுந்துட்டாங்க."