ஆற்றோடு நின்ற ஆறுவழிச் சாலை

மாதம்மாளின் கணவர் முனிரத்தினத்துக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. இக்கரை வரைக்கும் அருமையான ஆறுவழிச் சாலை வந்துவிட்டது, பாலம்தான் வரவில்லை.

சாலை போடும் முன்பே அரசின் மதிப்பீட்டு இயந்திரம் அந்தச் சிற்றூரில் வண்டிகள் வெள்ளமாய் ஓடும் என்று கணித்திருந்தது. அதை நம்பித்தான் அனுமதி கொடுத்தார்கள். சாலை வந்தது, அத்தனை வண்டிகள் வரவில்லை. இயந்திரம் தப்பாகச் சொல்லாது என்பது சட்டம். ஆகவே தப்பு ஊர்க்காரர்கள்மேல் விழுந்தது. கணித்த அளவு வண்டி ஓடினால்தான் பாலம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரே வண்டி ஓட்டியது. மாதம்மாளும் தினமும் கரைவரை போய், ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மறுபடியும் போனாள். சிகிச்சை நாட்களில் மட்டும் கணவரைப் பரிசலில் அக்கரைக்குக் கூட்டிப்போனாள்.

மழை பிடித்த நேரத்தில் சாலைப் பொறியாளர் லட்டோடு வந்தார்.

"வாழ்த்துகள்மா! கணிச்சதைவிட அதிகமா ஓட்டிட்டீங்க."

"அப்ப பாலம் எப்ப சார்?"

"புது மதிப்பீடு வந்திருக்கு. பாலம் இல்லாமலே இவ்வளவு வண்டி ஓடுதே, பாலம் எதுக்குன்னு கேக்குது. சாலையை எட்டுவழி ஆக்கச் சொல்லுது."

"ஆத்தையும் எட்டு வழியாப் பிரிச்சு விடுங்க சார். நாங்க நடந்தே போயிக்கிறோம்."

அன்று சிகிச்சை நாள். கணவரை வண்டியில் ஏற்றிக் கரைக்குப் போனாள். பரிசல்காரர் வெள்ளத்தைக் காட்டிக் கையை விரித்தார்.

அவள் வண்டியைத் திருப்பினாள். சாலையோர மின்பலகை இன்னொரு வண்டியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, நன்றி சொன்னது.