சனிக்கிழமைக் குறிப்பேடு

‘இன்று அவள் சிரித்தாள்.’

பட்டறை மேசையில் கிடந்த குறிப்பேட்டில் அந்த வரியைச் சோதிலிங்கம் மறுபடியும் படித்தார். நோர்வேஜிய மொழியில், பென்சிலால், மணிமணியான எழுத்து. எழுதியவன் கிருஷிகன். நாளை மறுநாள் அவர் மகள் டிலக்சிக்கு நிச்சயம் செய்ய இருக்கிற மாப்பிள்ளை!

மாப்பிள்ளை கோப்பி போடப் பின்னறைக்குப் போயிருந்தான். நோர்வேயில், குரோருட் என்ற இடத்தில் அவனுக்குச் சொந்தப் பட்டறை. வேட்டைக்காரர்களுக்குத் துவக்கு, அதாவது துப்பாக்கி, செய்து கொடுக்கிற தொழில். பலகாரம் கொடுக்க வந்ததாகச் சோதிலிங்கம் சொன்னது சும்மா ஒரு சாட்டு. வந்தது வேவு பார்க்கத்தான். பெண் கொடுக்கிற இடத்தை நாலு விதமாக விசாரிக்காதவனும் ஒரு தகப்பனா?

அவசரமாகத் தாள்களைப் புரட்டினார். பக்கம் முழுக்க எண்கள், என்னென்னவோ அளவுகள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சனிக்கிழமைத் தேதி, கூடவே ஒரு வரி.

‘அவளுக்கு இது கடுமை.’ ‘வாய் திறந்து சொல்ல மாட்டாள், முகத்தைப் பார்த்து நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.’ ‘கொஞ்சம் குறைத்தேன். இன்னும் முகம் சுளிக்கிறாள்.’ கடைசிப் பக்கத்தில்தான் அந்தச் சிரிப்பு.

அட படுபாவி! மூன்று வருடம் தேடி அவரே பிடித்த சம்பந்தம் இது. டிலக்சி, மாப்பிள்ளையின் படத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், “உங்கட விருப்பம் அப்பா” என்று சொன்ன பிள்ளை.

பக்கத்துப் புருசெத்தில் உடுப்புத் திருத்தும் கடை வைத்து அவர் வளர்த்த ஒற்றைப் பிள்ளை. போன மாதம்கூட, வேலைக்குக் கொண்டுபோகிற பையின் வார் அறுக்கிறது என்று தோளைத் தடவிக்கொண்டு வந்து நின்றாள். அவளுடைய குளிர்கோட்டின் இடது தோளுக்குள் தடிப்பாகப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தார். அப்படி மாடாய் உழைக்கிற பிள்ளையை இவனிடமா தள்ளுவது?

“மாமா, கோப்பி.”

குறிப்பேட்டைப் பட்டென்று மூடினார். மேசையில் மெருகு மட்டும் மிச்சமாக ஒரு துவக்குக் கிடந்தது. பக்கத்தில் ஒரு சின்னத் தராசு, வரிசையாகப் பித்தளை ரவைக் கோதுகள், வெறும் தோட்டாக் கூடுகள்.

“இது ஆருக்குத் தம்பி?”

“ஒரு ஆள் கேட்டுச் செய்யிறது மாமா. இதுக்குக் கடையிலை விக்கிற ரவை பொருந்தாது. வேற ரவையின்ரை கோதை எடுத்து, கழுத்தை ஒடுக்கி, வெடிமருந்தை நானே நிறுத்துப் போடுறன். மருந்து கூடினால் தோளிலை உதைக்கும், குறைஞ்சால் குறி தப்பும். அந்த ஆளுக்குத் தோதா வரும்வரைக்கும் சனிக்கிழமையிலை சுட்டுச் சுட்டுப் பாக்க வேணும்.”

சனிக்கிழமை! சோதிலிங்கம் சட்டைப் பைக்குள் எப்போதும் கிடக்கும் அளவு நாடாவை உருவினார். தோளில் முட்டுகிற மரப்பிடங்கிலிருந்து விசை வரைக்கும் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆறடி உயர மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார். நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் உடுப்புத் தைத்த மனுசனிடமா விளையாட்டு?

“தம்பி, இது பொம்பிளை அளவு.”

கிருஷிகன் கோப்பியை மேசையில் வைத்தான். “ஓம் மாமா.”

“ஆர் அவ?”

“அதை மட்டும் கேக்காதேங்கோ. சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். அவவின்ரை வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது.”

“வீட்டுக்குத் தெரியாமல் உம்மோடை காட்டுக்கு வாறவவோ!”

“வேட்டைக்குத்தான் மாமா. அதுக்குரிய பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணினவ. தகப்பன் பயந்து மறிச்சுப் போடுவார் எண்டுதான் சொல்லேல்லை.”

“அவனும் ஒரு தகப்பனோ? பிள்ளை எங்கை போகுது, ஆரோடை திரியுது எண்டு தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற மடையன்!” சோதிலிங்கத்தின் குரல் தகரக் கூரையில் முட்டியது. “ஆளைக் காட்டும், நானே போய் அவன்ரை முகத்துக்கு நேர கேக்கிறன்!”

கிருஷிகன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. அந்தக் குனிந்த தலை சோதிலிங்கத்தை இன்னும் கொதிக்க வைத்தது.

“சரி. நிச்சயதார்த்தம் இல்லை. சம்பந்தமும் இல்லை. உம்மளை நம்பி என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையை என்னாலை பாழாக்க ஏலாது.” போனை எடுத்து மனைவி கமலேஸ்வரியின் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.

“மாமா, போனை வையுங்கோ.”

“ஏன் வைக்க வேணும்? அவள் சிரிச்சாள், அவள் முகம் சுளிச்சாள் எண்டு கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறீர். நான் வாசிச்சிட்டன் தம்பி, எல்லாத்தையும் வாசிச்சிட்டன்!”

போனுக்குள் கமலேஸ்வரி, “என்னப்பா, மாப்பிள்ளையை விசாரிச்சாச்சோ?” என்றாள்.

கிருஷிகன் மெல்ல நிமிர்ந்து சொன்னான்:

“அவ சிரிச்சது, நீங்கள் கோட்டுத் தோளுக்குள்ளை பஞ்சு வைச்சுத் தைச்ச பிறகுதான் மாமா.”