சர்வருக்கு ஒரு நாள் ஓய்வு

ஸ்டார்ட் பட்டனை இன்னொரு முறை அழுத்தினாள் ஷாலின். டேட்டாபேஸ் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, முடியாது என்று சிவப்பாகச் சொன்னது.

சர்வர் பெட்டியின் நெற்றியில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து கிடந்தது. மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்தவர்கள், இதற்கும் கொடுத்திருக்கிறார்கள். முறையாக அணைக்கவில்லை. அப்படியே ப்ளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் வேலையோ!

ஒரகடத்தில் இந்தக் கம்பெனி திறந்த நாளிலிருந்து கான்ட்ராக்ட் ஆட்கள் கைரேகை வைத்து உள்ளே போன வருகைப்பதிவு முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. பேக்கப் எடுக்க டிஸ்க் கேட்டுக் கேட்டு, இங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நாளைக்கு லேபர் ஆபீசில் விசாரணை. எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று கேட்கிறவர்களில் அவள் தம்பி சாம்சனும் ஒருவன். இவர்கள் தொடர்ந்து வேலை பார்த்ததே இல்லை என்கிறது கம்பெனி. அதைப் பொய் என்று காட்ட இந்தப் பெட்டியை விட்டால் வேறு நாதி கிடையாது.

அவளால் உட்காரவே முடியவில்லை. எழுந்தாள், குனிந்தாள், நன்றாக இருந்த ஒயரையே கழற்றி மாட்டினாள். கரண்ட் போன நொடியில் பாதி எழுதி நின்றுபோன ஃபைல் ஒன்று குறுக்கே கிடந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

ஆண்டவரே, இந்த ஒரு தடவை.

டீ கப்போடு கதவருகே வந்து நின்றார் எச்.ஆர். மேனேஜர் வெங்கடேசன்.

“இன்னாம்மா இவ்ளோ டென்ஷன்? நான்தான் பூஜைக்கு ப்ளக்கைப் புடுங்கச் சொன்னேன். அதுக்கும் ரெஸ்ட் வேணாமா? எழுந்துக்கலன்னா வுடு. புதுசு வாங்கிக்கலாம்.”

ஒரு மவுஸ் கேட்டால் மூன்று மாதம் இழுத்தடிக்கிற மனிதர்.

ஷாலினுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் திரை பச்சையானது. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

அவள் சற்று நகர்ந்து, திரை அவர் கண்ணில் படாமல் நின்றுகொண்டாள். கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினாள்.

“வந்துச்சா?” என்றார் அவர், கப்பை உறிஞ்சியபடி.

“எங்க சார்,” என்று உச்சுக்கொட்டினாள் ஷாலின். “செத்துப்போச்சு.”

பென் டிரைவில் வருகைப்பதிவு பாதிக்கு மேல் ஏறியிருந்தது.