பாத்திரம் பேசட்டும்

தனோஜன் எழும்பினான், முற்றம் கூட்டினான், தேத்தண்ணி குடித்தான், மோட்டார் சைக்கிளில் சாவகச்சேரி அச்சகத்துக்குப் போனான். மனைவி உதயகலா எழுதிய புத்தகத்தில் ஒரு சொல்லும் மாறாமல் அச்சாக வேண்டும். அதைப் பார்க்கத்தான் போனான்.

அச்சக முதலாளி கனகரத்தினம் தாள்களைப் புரட்டினார்.

“கதைக்கரு, கதைப்பின்னல், உச்சக்கட்டம்... ஆர் தம்பி உதை வாசிக்கப் போயினம்?”

“அவவிட்டைப் படிச்ச ஏ.எல். வகுப்புப் பிள்ளையள்.”

“‘நோக்குநிலை எண்டால், கதையை ஆற்றை கண்ணாலை பாக்கிறம் எண்டது. மாமியின்ரை கண்ணாலை பாத்தால் மருமகன் எப்பவும் பிழை.’” முதலாளி ஒரு பக்கத்தை வாசித்துச் சிரித்தார். “உது உம்மைப் பற்றியோ?”

“ஓம்.”

“உம்மடை மாமி நேற்று வந்து ஒரு திருத்தம் சொன்னவ.” அவர் குரலைத் தாழ்த்தினார். “மகள் சாகேக்கை ‘முருகா’ எண்டவவாம். கடைசிப் பக்கத்திலை போடட்டாம், நானும் எழுதி வைச்சிட்டன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் குடுக்கிற நினைவு மலர் எண்டால் சனமும் அதைத்தானே எதிர்பார்க்கும்?”

“வேண்டாம் அண்ணை. பாத்திரம் சொல்லாததை எழுதிறவன் சொல்ல வைக்கக்கூடாது எண்டு உதிலையே எழுதியிருக்கிறா. ஆஸ்பத்திரியிலை பக்கத்திலை இருந்தது நான்தான்.”

“அப்ப என்னத்தைப் போட?”

தனோஜன் ‘முருகா’வை வெட்டினான். அதற்குக் கீழே அவள் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதினான்:

“இஞ்சையப்பா, மேசையிலை பிள்ளையள் எழுதின கதையள் கிடக்கு. சிவப்புப் பேனையாலை வெட்டிப்போடாதேங்கோ. பிறகு ஒருத்தரும் எழுத மாட்டினம்.”