ஏழுக்கு ஏழு

“இருளாண்டி விலை போயிட்டான்யா. காலையில எதிர்க்கட்சி சுந்தரபாண்டி வாங்கிக் குடுத்த டீயைக் குடிச்சிட்டு நிக்கான்.”

ஒன்றிய ஆபீஸ் வாசலில் இதே பேச்சு. ஆளுங்கட்சி அய்யாதுரை காதுக்கும் போனது. இருளாண்டியை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏலே, ஒன்னைய நிறுத்தி ஜெயிக்க வச்சது நம்ம கட்சி. குச்சி மாறி விழுந்துச்சுன்னு தெரிஞ்சா, நாளையிலேர்ந்து ஒன் பொண்டாட்டிக்கு நம்ம கம்பெனியில வேலை கிடையாது.”

“சரிங்க மொதலாளி.”

அவ்வளவுதான் சொன்னான்.

சபையில் இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர். சேர்மன் தேர்தலே ஏழுக்கு ஏழு என்று நின்றுபோய், ஆணையர்தான் கூட்டம் நடத்துகிறார். எட்டு விழுந்தால்தான் எதுவும் நிறைவேறும். ஒரு வருசமாக ஒன்றும் நிறைவேறவில்லை.

“டெல்லியிலேயே இப்படித்தான் மல்லுக்கு நிக்காகளாம். நம்மள்லாம் எம்புட்டு?” என்றார் டீக்கடைக்காரர்.

இன்றைய தீர்மானம், தாயில்பட்டிக்குத் தீக்காய ஆஸ்பத்திரி. கொண்டுவந்தவர் சுந்தரபாண்டி. ரெண்டு எலெக்சனாக இதைச் சொல்லித்தான் ஜெயித்து வருகிறார். இன்றைக்குத் தோற்றால் அடுத்த வருசம்தான் மறுபடி எடுக்க முடியும்.

எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களும் உண்டு என்பதால் ஓட்டு தீக்குச்சியில். ஆளுக்கு ரெண்டு குச்சி, முனையில் மருந்து வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று. மருந்துக் குச்சி என்றால் சம்மதம், வெறுங்குச்சி என்றால் இல்லை. ஏதாவது ஒன்றை யாருக்கும் தெரியாமல் டப்பாவுக்குள் போட வேண்டும்; மற்றது அவரவர் கையோடு.

ஆணையர் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார்.

மருந்துக் குச்சி ஏழு. வெறுங்குச்சி ஏழு.

தீர்மானம் தோற்றது.

அய்யாதுரை இருளாண்டியின் முதுகில் தட்டினார். “ஒன்னையப் போயி சந்தேகப்பட்டுட்டேனே!”

வாசலில் இருளாண்டியின் அக்கா முருகம்மாள் நின்றிருந்தாள். போன சீசனில் பட்டாசுக் கம்பெனித் தீயில் வெந்த மகளை, சிவகாசிக்கு மாட்டு வண்டியில் கொண்டு போகும்போது பாதி வழியில் பறிகொடுத்தவள்.

“தாய்மாமன் ஒன் மடியிலதானலே அவ உசுரு போச்சு? ஒரு குச்சி போட மனசு வரலையா ஒனக்கு?”

மண்ணை வாரித் தூற்றினாள். அவன் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

சுந்தரபாண்டி படியில் ஏறி நின்று கூட்டத்தைக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு பேசினார்.

“தாய்மார்களே! நாங்க ஏழு பேரும் போட்டோம். எட்டாவது ஒண்ணு விழலை. இந்த இருளாண்டி மனசு வச்சிருந்தா...”

இருளாண்டி கூட்டத்துக்கு நடுவே வந்தான். அய்யாதுரையை ஒரு தடவை பார்த்தான். பிறகு மூடியிருந்த கையை விரித்தான்.

போடாமல் மிஞ்சிய குச்சி. அதில் மருந்து இல்லை.

“ஒன் பொண்டாட்டி வேலை போச்சுலே!” அய்யாதுரை கத்தினார்.

“போகட்டும் மொதலாளி. நான் மருந்துக் குச்சிதான் போட்டேன்.” சுந்தரபாண்டி பக்கம் திரும்பினான். “அண்ணாச்சி, என்னோடது ஒண்ணு, ஒங்களோடது ஏழு. எட்டுல்ல வந்திருக்கணும்? ஒங்காளுக கையில மிஞ்சுன குச்சியைக் காட்டச் சொல்லுங்க.”

அவர் ஆட்கள் ஆறு பேரும் கையை விரித்தார்கள். ஆறும் வெறுங்குச்சி.

சுந்தரபாண்டி மட்டும் கும்பிட்ட கையைப் பிரிக்கவே இல்லை.