ஒரு சுண்டு அரிசி

"கள்ளி! இண்டைக்கும் எடுத்திட்டாள்!"

இரத்தினம்மா கட்டிலில் கிடந்தபடியே பல்லை நறநறவென்று கடித்தாள். அவளுடைய கட்டில் ஹோலில் கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் சமையலறை நேரே தெரியும். மருமகள் சிவகலா அரிசி வாளியைத் திறந்து, அரிசி அளக்கும் சுண்டுப் பேணியால் ஒரு சுண்டு அள்ளித் துணிப்பையில் கொட்டினாள். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மகன் கிருபாகரன் வாசலில் குந்திச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஜேர்மன் மொழி பேசும் அந்த நாட்டில், துன் என்ற ஏரியின் கரையில் ஒரு ஹோட்டலில் அவனுக்குச் சமையல் வேலை. காலையிலேயே நிற்க வேண்டும்.

"தம்பி, உன்ர பெண்சாதி அரிசி கடத்துறாள். தன்ர தமக்கை வீட்டுக்குத்தான். வேற எங்க?"

"ஒரு சுண்டு அரிசிக்கு ஏனம்மா இந்தக் கத்தல்?"

"ஒரு சுண்டோ? ஒவ்வொரு நாளுமடா! கூட்டிப் பார், மூட்டையாய் வரும்!"

கிருபாகரன் கதவைத் திறந்துகொண்டு நழுவினான். தாய்க்கும் மனைவிக்கும் நடுவில் அகப்பட்டவனுக்கு வேலைக்குப் போவதுதான் ஓய்வு.

இந்தப் பகை பங்குனியில் மூண்டது. பனியில் சறுக்கி இடுப்பெலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மாமியாரை முதல் நாள் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றப்போன சிவகலா, பாரம் தாங்காமல் அவளோடு சேர்ந்து நிலத்தில் விழுந்தாள். "வேணுமெண்டே போட்டவள்" என்று இரத்தினம்மா கனடாவுக்கும் லண்டனுக்கும் போன் எடுத்துச் சொன்னாள். கோயில் ஐயரையும் விட்டுவைக்கவில்லை.

கிருபாகரனுக்கு நாரிப் பிடிப்பு. ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கமாட்டான். அதனால் இரத்தினம்மாவைத் தூக்கி இருத்த இரண்டு தாதிமார் வீட்டுக்கு வந்து போனார்கள். அது கோடை முடியும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஹைம், அதாவது முதியோர் இல்லம் என்று சொல்லியாகிவிட்டது.

அந்தச் சொல்லைக் கேட்டாலே இரத்தினம்மா காதைப் பொத்திக்கொள்வாள். தமிழில் கதைக்க ஒரு சீவன் இல்லாத இடத்தில் சீஸும் உருளைக்கிழங்கும் தின்று சாவதா? மருமகள் திட்டம் போட்டுத்தான் எல்லாம் செய்கிறாள் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

அரை மணித்தியாலம் கழித்துச் சிவகலா திரும்பி வந்தாள். முகம் சிவந்து, வேர்த்து வழிந்து, மூச்சு வாங்கியது.

"ஆருக்குக் குடுத்திட்டு இந்த ஓட்டம் ஓடி வாறாய்?"

"அறிஞ்சு என்ன செய்யப் போறியள்?"

"வாயைப் பார்! என்ன வாயடி உனக்கு?"

"உங்களோட இருந்து பழகினதுதான் மாமி."

இரத்தினம்மா அன்று மத்தியானம் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டாள். "உன்ர கையால தின்னமாட்டன்" என்றாள். சிவகலாவும் கெஞ்சவில்லை. கோப்பையை மூடி வைத்துவிட்டுப் போனாள்; பசி வந்ததும் மாமியார் தின்றாள்.

நச்சரிப்புத் தாங்காமல் கிருபாகரன் ஒருநாள் சுண்டுப் பேணியை ஒளித்து வைத்தான். சிவகலா கோப்பி குடிக்கும் கோப்பையால் அள்ளிக்கொண்டு போனாள். காய்ச்சலில் கிடந்த நாளிலும் எழும்பிப் போனாள். தைப்பொங்கலுக்குக்கூட இவ்வளவு பக்தியாய் யாரும் அரிசி அளந்திருக்கமாட்டார்கள்.

"நானும் கேட்டுப் பாத்தன் அம்மா. பிறகு சொல்லுறன் எண்டுறாள்" என்றான் கிருபாகரன்.

"பிறகு எண்டால்? நான் ஹைமுக்குப் போன பிறகோ?"

ஆவணி கடைசியில் தலைமைத் தாதி வந்தாள். ஹைமில் ஒரு கட்டில் ஒதுக்கியாயிற்று, வீட்டில் தூக்கி இருத்த ஆளில்லையென்றால் திங்கட்கிழமை வாகனம் வரும் என்று அவள் ஜேர்மன் மொழியில் சொன்னாள். கிருபாகரன் தலையைக் குனிந்துகொண்டு அதைத் தாய்க்குத் தமிழில் சொன்னான்.

"இதுக்குத்தானே இவள் பாத்துக்கொண்டிருந்தவள்! வீட்டு அரிசியை முடிச்சாச்சு. இனி என்னையும் ஏத்தி அனுப்பினால் சரி!"

கத்திக்கொண்டே இரத்தினம்மா அழுதாள். ஆறு மாதமாய் வைத வாய் பயத்தில் கோணிப்போயிருந்தது.

சிவகலா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். சக்கர நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டி வைத்தாள். முழங்காலை மடித்துக் குனிந்து, மாமியாரின் கக்கங்களுக்குக் கீழே கைகளைக் கொடுத்தாள்.

"கழுத்தைக் கட்டிப் பிடியுங்கோ."

"தொடாதையடி! திரும்பவும் போட்டு முறிக்கப் போறாய்!"

"வையிறதை இருந்துகொண்டு வையுங்கோ. இப்ப பிடியுங்கோ."

தாதி "வேண்டாம்" என்று கையை நீட்டினாள். இரத்தினம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள். விழப்போகிறோம் என்று உடம்பு விறைத்தது.

விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் சக்கர நாற்காலியில் இருந்தாள். ஒரு குலுக்கல்கூட இல்லை.

தாதி வாயைப் பிளந்தபடி ஏதோ கேட்டாள்.

"எந்த ஜிம்முக்குப் போறனீர் எண்டு கேக்கிறா" என்றான் கிருபாகரன். அவனுக்கும் அதைக் கேட்க வேண்டும்போலத்தான் இருந்தது.

சிவகலா தாதியின் பக்கம் திரும்பவே இல்லை. மாமியாரின் கால்களை எடுத்து நாற்காலியின் மிதிபலகையில் ஒழுங்காய் வைத்தாள். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தை நேரே பார்த்தாள்.

"நான் களவெடுத்த அரிசி முழுக்கக் கீழ, சாமான் வைக்கிற கெல்லரில கிடக்கு மாமி. நாளுக்கொரு சுண்டு கூட்டிக் கூட்டி, உங்கட நிறை வருமட்டும் மூட்டையைத் தூக்கிப் பழகினனான்."